எஸ்எஸ்டிக்கு எஃப்சி இருக்கா?

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவரை வீட்டில் வைத்துக்கொண்டு பழைய பொருள் எதையும் நிம்மதியாக வாங்க முடியாது. அப்பா மேட்டுப்பாளையம் - கோத்தகிரி ரூட்டில் காலம் பூராவும் கணக்குப் பார்த்தவர். குஞ்சப்பனையில் ஏறிய ஆள் அரவேனுவில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். அவர் கண்ணெதிரில் நான் ஒரு பழைய எஸ்எஸ்டியை, அதாவது சுற்றும் தட்டு இல்லாத கம்ப்யூட்டர் டிஸ்கை, பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன்.

எங்கள் கோத்தகிரி வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வயதாகிவிட்டது. எச்61 என்ற பழைய மதர்போர்டு, 2012 வாக்கில் வாங்கியது. விண்டோஸுக்கு மட்டும் ஒரு சின்ன எஸ்எஸ்டி. கல்யாண வீடியோ, குழந்தைகள் போட்டோ, மனைவி பள்ளிக்காகச் சேர்த்து வைத்த பாடங்கள் எல்லாம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில். அந்த டிஸ்க் கொஞ்ச நாளாகக் கரகரவென்று சத்தம் போடுகிறது. புதிதாக 4 டிபி (4000 ஜிபி) எஸ்எஸ்டி என்ன விலை என்று பார்த்தேன், பார்த்த வேகத்தில் மூடினேன். அப்புறம்தான் கோவையில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஒரு கடையில் சாம்சங் 860 ஈவோ, 4 டிபி, பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்தது. ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம், சரியில்லை என்றால் திருப்பித் தரலாம் என்பது பேச்சு.

"எந்த வருஷ மாடல்?"

"2018ல வந்ததுப்பா."

"எத்தனை கிலோமீட்டர் ஓடிருக்கு?"

சிரித்தேன். ஆனால் யோசித்தால், பழைய எஸ்எஸ்டி வாங்குபவன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

உடனே கம்ப்யூட்டரில் சொருகிப் பார்க்க அம்மா விடவில்லை. "கீழ அனல்ல இருந்து பனிக்கு வந்திருக்கு, ஈரம் கோத்திருக்கும்" என்று சொல்லி அதைக் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் காயவைத்துவிட்டார். கரண்டில் இல்லாத எஸ்எஸ்டிக்குச் சூடுதான் ஆகாது. சூட்டில் கிடந்தால் உள்ளே இருக்கும் தகவல் சீக்கிரம் கசிந்து போகும், குளிரில் அதிக நாள் நிற்கும் என்று விளக்கினேன். "அப்ப நம்ம ஊருக்கு ஏத்ததுதான்" என்று திருப்தியாகி எடுத்துக் கொடுத்தார். எஸ்எஸ்டியை முதலில் பாஸ் செய்தது அம்மாதான்.

மாட்டிய உடனே பிரச்சினை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஜிபிடி என்ற புது முறையைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் போட்டேன் (பழைய எம்பிஆர் முறையில் 2 டிபிக்கு மேல் எட்டாது). விண்டோஸ் 3.63 டிபி என்று காட்டியது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நாலுன்னுதானே காசு வாங்குனான்? மீதி சில்லறை எங்கே?"

வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்வியை மற்றவர்கள் இவரிடம் கேட்டிருப்பார்கள். கேட்கிற வாய்ப்பு இப்போதுதான் கிடைத்திருக்கிறது, விடுவாரா! கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறான், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, பொருள் ஒன்றுதான், புதிது வாங்கினாலும் இப்படித்தான் காட்டும் என்றேன். "எல்லாக் கண்டக்டரும் இதத்தான் சொல்வான், இறங்கும்போது வாங்கிக்கங்கன்னு" என்றார்.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைத் திறந்தேன். எஸ்எஸ்டியின் டிரிப் ஷீட் மாதிரி எல்லாம் அதில் இருக்கும். முதலில் பார்த்தது ஓடிய நேரம்: 31,000 மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. நிறுத்தாமல் ஓடினால் மூன்றரை வருஷம். "வீட்டு உபயோகம்ணா, லைட்டா யூஸ் பண்ணது" என்றுதான் கடைக்காரர் சொன்னார். எந்த வீட்டில் ராத்திரி பகலாக மூன்றரை வருஷம் கம்ப்யூட்டர் ஓடுகிறது? ஏதோ ஆபீஸ் சர்வரில் கிடந்திருக்க வேண்டும்.

"திருப்பிக் குடுத்துடு" என்றார் அப்பா. "இன்ஜின் போயிருக்கும்."

இங்கேதான் எனக்கும் அவருக்கும் தகராறு. ஹார்ட் டிஸ்க் என்றால் அவர் சொல்வது சரி, அதில் சுற்றுகிற தட்டு இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. எஸ்எஸ்டியில் சுற்ற எதுவும் இல்லை. சும்மா ஆனில் இருப்பதால் அது பெரிதாகத் தேயாது. எழுதி அழித்து, எழுதி அழித்துத்தான் தேயும். அதனால் பார்க்க வேண்டியது மணிக்கணக்கை அல்ல, மொத்தம் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்பதை. அந்த வரியில் ஏறக்குறைய 9000 கோடி என்று வந்தது. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது பைட் இல்லை, 512 பைட் கொண்ட கட்டங்களின் எண்ணிக்கை என்று சொல்லி, அவருடைய நோட்டிலேயே பெருக்கிக் காட்டினேன்: சுமார் 46 டிபி.

இந்த மாடலில் எழுதக் கம்பெனி உத்தரவாதம் தந்த அளவு 2400 டிபி. 46 என்பது அதில் இரண்டு சதவீதம்கூட இல்லை. கெட்டுப்போய் ஒதுக்கிய கட்டம் பூஜ்யம். தேய்மானக் கணக்கில் 100க்கு 99 மீதி.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதாவது ஸ்டாண்டுல மூணரை வருஷம் வண்டிய ஸ்டார்ட்டிங்லயே வச்சிருந்திருக்கான், ஆள் ஏத்தல" என்றார். நான் சொன்னதைவிட அதுதான் தெளிவாக இருந்தது.

ஆனாலும் பெயரை நம்பிவிடக் கூடாது. 2016ல் வந்த 850 ஈவோவிலும் 4 டிபி உண்டு, அதற்கு உத்தரவாதம் வெறும் 300 டிபி. ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குள் எட்டு மடங்கு வித்தியாசம். 860 க்யூவோ என்று இன்னொன்று, 1440 டிபி. பார்க்க எல்லாம் ஒரே கறுப்புப் பெட்டிதான். "ஈவோவும் க்யூவோவும் ஒண்ணுதாங்ண்ணா" என்று கடைக்காரர் வேறு போகிற போக்கில் சொல்லியிருந்தார். ஒன்றில்லை. க்யூவோவில் ஒரே மூச்சில் பெரிய ஃபைலாக ஏற்றினால், முதல் 78 ஜிபி வரை பறக்கும், அப்புறம் நொடிக்கு 160 எம்பிக்கு வந்து படுத்துவிடும். ஈவோ படுக்காது.

போலிச் சரக்கிலும் ஸ்டிக்கர் அழகாகத்தான் இருக்கும். கடைசிவரை எழுதித் திரும்பப் படித்தால்தான் உண்மையான கொள்ளளவு தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சாஃப்ட்வேர் அதற்குத்தான் இருக்கிறது. எங்கள் எச்61 போர்டில் டிஸ்கை இணைக்கும் வேகமான சாட்டா 3 கிடையாது, பழைய சாட்டா 2தான். நொடிக்கு 550 எம்பி போகிற எஸ்எஸ்டி இங்கே 270ஐத் தாண்டாது. எழுத நாலு மணி நேரம், படிக்க நாலு மணி நேரம். சாயங்காலம் ஓடவிட்டேன்.

ஐப்பசி மழை. எங்கள் பக்கம் தென்மேற்கைவிட இந்த மழைதான் அதிகம் ஆட்டும். வெளியே பனிமூட்டத்தில் எதிர்வீட்டு லைட்கூடத் தெரியவில்லை. எழுதும் வேலை பாதி தாண்டியிருக்கும், எங்கேயோ ஒரு சில்வர் ஓக் லைன்மேல் சாய்ந்தது போலிருக்கிறது, கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. அது தாங்குவது பத்து நிமிஷம். முறையாக நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளில், திடீரென்று கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருப்பதை முடிக்கிற அளவுக்கு மின்சாரம் சேமித்து வைக்கும் ஏற்பாடு பொதுவாக இருப்பதில்லை, சர்வர் எஸ்எஸ்டிகளில்தான் இருக்கும். திடீரென்று கரண்ட் போன கணக்கையும் இது குறித்து வைத்திருக்கிறது, பழைய ஆள் கையில் 41 முறை. கோத்தகிரியில் யுபிஎஸ் இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் அதை முந்திவிடலாம்.

மறுநாள் முதலிலிருந்து. வேகம் 265 சுற்றி நின்றது, 160க்கு இறங்கவே இல்லை, படித்ததிலும் ஒரு பிழை இல்லை. ஈவோ ஈவோதான்.

நான் சந்தோஷமாக இருந்தேன். அப்பா போனை எடுத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதுக்கு எஃப்சி இருக்கா?"

அந்தப் பக்கம் அமைதி. "ஏனுங்கய்யா?"

"வாரண்டியக் கேக்கறேன்."

வாரண்டி ஐந்து வருஷம்தான், அது என்றைக்கோ முடிந்துவிட்டது என்று அவர் ஒப்புக்கொண்டார். அப்பா 31,000 மணி நேரத்தைச் சொன்னார். ஆபீஸ் வண்டியை வீட்டு வண்டி என்று விற்கலாமா என்று கேட்டார். எழுதியது இரண்டு சதவீதம்கூட இல்லை என்பதை மட்டும் மூச்சே விடவில்லை. ஐந்நூறு ரூபாய் குறைந்தது. செலவழிக்கும் உத்தேசம் எதுவும் அவரிடம் தென்படவில்லை, ஆனால் அந்த ஐந்நூறை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்.

போட்டோக்களை ஏற்றிவிட்டேன். பழைய ஹார்ட் டிஸ்கைத் தூக்கிப் போடவில்லை, இன்னொரு பிரதியாக அலமாரியில் இருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் வைத்திருக்கிற போட்டோவுக்கு எந்த மாடலும் பொறுப்பு ஏற்காது. மனைவி வந்து பார்த்துவிட்டு, "மாமா, இப்பப் பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதியது வாங்கும்போது 46 டிபி, இப்போது 53.

"பரவாயில்லம்மா. ஆனா சோதனைங்கிற பேர்ல உன் புருஷன் எத்தனை டிரிப் ஓட்டிருக்கான் பாரு, டிக்கெட்டே இல்லாம."