அப்பத்தாவின் உள்ளங்கை

இன்று பங்குச் சாமியார் காரைக்குடி வீட்டுக்கு வந்து அப்பத்தாவுக்கு நோயில்பூசுதல் (நோயுற்றவருக்கு எண்ணெய் பூசி மன்றாடும் கத்தோலிக்கச் சடங்கு) கொடுத்தார்.

நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் சிலுவை வரைந்த துளி எண்ணெய். துடைக்கப் போன என் கையை அப்பத்தா தட்டிவிட்டார். "இருக்கட்டும்யா."

நோயுற்றவருக்கு எண்ணெய் பூசி மூப்பர்கள் மன்றாடட்டும் என்கிறது விவிலியத்தில் யாக்கோபு 5:14.

எனக்கு விவிலியத்தின் 2 அரசர்கள் 4-இல் வரும் கதை ஞாபகம் வந்தது. கடன் கொடுத்தவன் ஒரு கைம்பெண்ணின் பிள்ளைகளை அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். அவளிடம் மிச்சம் கொஞ்சம் எண்ணெய்தான். அக்கம்பக்கத்தில் காலிப் பாத்திரங்கள் கேட்டு வாங்கி வரச் சொல்கிறார் இறைவாக்கினர் எலிசா. ஊற்ற ஊற்ற வருகிறது. பாத்திரம் தீர்ந்த பிறகுதான் எண்ணெய் நிற்கிறது!

பாத்திரம் கொடுத்தவர்களுக்கும் அந்த அற்புதத்தில் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். அப்பத்தாவுக்கு முறை வைத்துக் கஞ்சி கொண்டுவரும் எங்கள் தெருக்காரர்களை நினைத்துத்தான் சொல்கிறேன்.