உவாஜிமாவின் இரண்டு நிகழ்காலங்கள்

ஷிக்கோக்குத் தீவின் மேற்கே, எஹிமே மாகாணத் தலைநகரான மட்சுயாமாவிலிருந்து தெற்கே உவாஜிமாவுக்குச் செல்லும் 'உவாக்காய்' விரைவு ரயில், ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று வகைப் பேச்சொலிகளைக் கடந்துவிடுகிறது. டோக்கியோவில் 'ஹாஷி' என்பதை உயர்ந்த குரலில் தொடங்கித் தாழ்த்தினால் உணவுக் குச்சி. தாழ்ந்து தொடங்கி உயர்த்தினால் பாலம். மட்சுயாமாவில், கியோட்டோவைப் போலவே, இது தலைகீழாகிறது. வழியிலுள்ள ஓசு வட்டாரத்தில் குரலின் ஏற்ற இறக்கம் சொற்களைப் பிரித்துக் காட்டுவதே இல்லை. உவாஜிமாவில் இறங்கினால், அவ்வளவு தொலைவிலிருக்கும் டோக்கியோவின் முறை மீண்டும் காதில் விழுகிறது.

ஆனால் நான் உவாஜிமாவுக்குப் போனது ஒலிக்காக அல்ல, வினைச்சொற்களுக்காக. துறைமுகத்தை ஒட்டிய 'கிசாய்யா' சந்தையில், சிறு மீன்களை முள்ளோடு அரைத்துத் தட்டிப் பொரிக்கும் ஜாக்கோட்டென் கடையில் நின்றபோது, எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அந்த அம்மையார் "இமா அகெயொரு கென்" என்றார். இப்போது பொரித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் சற்றுப் பொறுங்கள் என்பது பொருள். இறுதியிலுள்ள 'கென்' காரணத்தைச் சுட்டுவது. டோக்கியோவில் அந்த இடத்தில் 'கரா' வரும். நான் கேட்கக் காத்திருந்ததோ 'யொரு' என்னும் விகுதியை.

செர்ரிப் பூக்கள் உதிர்வதைச் சொல்ல டோக்கியோவில் 'சிட்டே இரு' என்ற ஒரே வடிவம்தான் உண்டு. பூக்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றனவா, உதிர்ந்து தரையில் கிடக்கின்றனவா என்பதைச் சூழலைப் பார்த்தே அறிய வேண்டும். உவாஜிமாவில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை: கண்முன்னே உதிர்ந்துகொண்டிருந்தால் 'சிரியொரு', உதிர்ந்து முடிந்திருந்தால் 'சிட்டொரு'. இரண்டுக்கும் அடிப்படை, மேற்கு ஜப்பானியர் ஓர் ஆள் இருப்பதைச் சொல்லப் பயன்படுத்தும் 'ஒரு' என்ற வினைதான். அது எந்த எச்சத்தோடு சேர்கிறது என்பதில்தான் வேறுபாடு. தமிழில் 'கொண்டிருக்கிறது', 'இருக்கிறது' என்ற துணைவினைகளோடு வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கமே தேவையில்லை.

இன்னும் நுட்பமானது இறந்தகாலம். படியில் கால் இடறி, விழாமல் தப்பியவர் 'ஒச்சியொட்டா' என்பார். நாம் 'விழப் பார்த்தேன்' என்பது போல. நிகழாமல் போன ஒன்றைத் தொடர்வினையின் வடிவத்திலேயே சொல்லிவிடும் இந்த வசதி, டோக்கியோப் பேச்சை ஒட்டிய பொதுமொழியின் 'இரு'வுக்குக் கிடையாது. ஜப்பானிய வினைகளை ஆராய்ந்த குதோ மாயுமி போன்ற மொழியியலாளர்கள் உவாஜிமாப் பேச்சுக்கு இத்தனை இடம் கொடுத்ததில் வியப்பில்லை. இதைப் பொதுமொழியின் சிதைவு என்று ஒதுக்குவது பெரும் பிழை என்றே நான் கருதுகிறேன். இலக்கணத்தின் இந்தப் பகுதியில் வட்டார வழக்குதான் பொதுமொழியைவிடச் செறிவானது.

ஷிக்கோக்கு மட்டுமன்றி, கியூஷுவிலும் ஹிரோஷிமா பக்கத்திலும் இந்த இணை பரவலாக வழங்குகிறது. ஒசாகா, கியோட்டோ வட்டாரத்திலோ 'யொரு' வேறு பாதையில் போய், பிறர் செயலை இளக்காரமாகச் சொல்லும் விகுதியாகிவிட்டது. அங்கே பேசிப் பழகியவர் உவாஜிமாச் சந்தையில் நின்றால், அந்த அம்மையாரின் 'யொரு'வில் இளக்காரம் துளியும் இல்லை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.