கரிசல் பக்கச் சாப்பாடு: நாட்குறிப்பு

17 நவம்பர் 2024, ஞாயிறு

அருப்புக்கோட்டை சாலையில், தோட்டத்தோடு சேர்ந்த அந்தச் சாப்பாட்டுக் கடைக்கு அம்மாவை அழைத்துப் போனேன். அன்றைய காய்களையும் அவை வந்த ஊரையும் வாசல் பலகையில் எழுதிவைப்பார்கள். இன்று முதல் வரியே அதலக்காய். தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு அது புதுசு.

பாகல் இனம்தான், ஆனால் விரல் நுனி அளவே இருக்கிறது. நறுக்குவதில்லை. காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் முழுசாக வதக்கிப் புளிக்குழம்பில் போட்டிருந்தார்கள். கடித்ததும் நல்ல கசப்பு. இரண்டாவது கவளத்தில் புளியும் எண்ணெயும் அதைத் தணித்துவிடுகின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தது. அம்மா முதலில் முகம் சுளித்தார், அப்புறம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். சர்க்கரைக்கு நல்லது என்று பக்கத்து மேசையில் பேச்சு. எனக்கு ருசியே போதும்.

சமைக்கிற அக்காவிடம் விசாரித்தேன். "இத யாரும் விதைக்கிறதில்ல தம்பி. மண்ணுக்குள்ள கிழங்கு கிடக்கும், ஐப்பசி மழை விழுந்ததும் கரிசல்ல தானா கொடி ஓடும். பறிச்சு ரெண்டு நாள் வச்சா வெடிச்சிரும். அப்புறம் யாரு வாங்குவா?"

விருதுநகர், மதுரைச் சந்தைகளில் கிடைக்கிற காய் தஞ்சாவூருக்கு ஏன் வந்ததில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. லாரிப் பயணம் தாங்குகிற காய்களை மட்டுமே தின்று வளர்ந்திருக்கிறோம்.

8 டிசம்பர், ஞாயிறு

சிறகவரைப் பொரியல். நாலு பக்கமும் அலை அலையாக விளிம்பு. பகல் பொழுது குறைந்தால்தான் இந்தக் கொடி பூக்குமாம், அதனால் இப்போதுதான் காய்ப்பு. பிஞ்சில் மொறுமொறுவென்று அருமை, முற்றினால் நார். இன்றைய தட்டில் சில துண்டுகள் முற்றல்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

சிறுகிழங்கு. இது கடைத் தோட்டத்து விளைச்சல் இல்லை, தென்காசிப் பக்கமிருந்து வந்தது என்று பலகையிலேயே போட்டிருந்தார்கள். இந்த நேர்மைக்காகவே மறுபடி வருவேன். துளசிக் குடும்பத்துச் செடியாம். வேகும்போதே மண்வாசனையோடு தனி மணம். உருளையைவிட இறுக்கம், தேங்காய் போட்ட பொரியலுக்கு அவ்வளவு பொருத்தம். தோல் எடுப்பதுதான் பாடு. சாக்கில் கட்டித் தரையில் தேய்த்தால் தோல் கழன்றுவிடும் என்றார் அக்கா. நாளைக் கழித்துப் பொங்கல். அம்மா அங்கேயே ரெண்டு கிலோ கேட்டு வாங்கிவிட்டார், பழைய சாக்கு ஒன்றும் சேர்த்து.