பி53 சிப் சோதனை: சறுக்கும் இடங்கள்

பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் ஜிகேவிகே வளாகத்து ஆய்வகங்களிலும் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். 17-வது குரோமோசோமில் உள்ள டிபி53 மரபணு தருவது பி53 புரதம். 393 அமினோ அமிலங்கள். நான்கு மூலக்கூறுகள் சேர்ந்து டிஎன்ஏவைப் பற்றி, பி21 போன்ற மரபணுக்களின் படியெடுத்தலை முடுக்கிவிடும். பி53-ஐ ஆன்டிபாடியால் பிடித்திழுத்து, அது டிஎன்ஏவில் எங்கே பற்றுகிறது என்று காட்டுவதுதான் சிப் (ChIP, குரோமாட்டின் இம்யூனோபிரெசிபிடேஷன்).

சோதனைக்கு ஹீலா என்ற புற்றுநோய் செல் வேண்டாம். அதிலுள்ள பாப்பிலோமா வைரஸின் இ6 புரதம் பி53-ஐ அழித்துவிடும். எம்சிஎஃப்-7 அல்லது எச்சிடி116 செல் எடுங்கள். அவற்றிலும் எம்டிஎம்2 என்ற புரதம் பி53-ஐச் சிதைத்துக்கொண்டே இருக்கும். எம்டிஎம்2-ஐத் தடுக்கும் நட்லின்-3 கொடுத்து, பி53 சேர்ந்ததை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைக் காட்டும் சோதனை) பார்த்த பிறகு தொடங்குங்கள்.

அடுத்து, பி53-ஐ டிஎன்ஏவோடு பிணைக்க 10 மில்லி மீடியாவுக்கு 37 சதவீத ஃபார்மால்டிஹைடு 270 மைக்ரோலிட்டர், 10 நிமிடம். உடனே பிணைப்பை நிறுத்த 2.5 மோலார் கிளைசின் 500 மைக்ரோலிட்டர். பலர் கோட்டை விடுவது இங்கேதான். நேரம் கூடினால் குரோமாட்டின் (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த இழை) இறுகிப்போய், ஒலி அலையால் அதை உடைக்கும் சோனிகேட்டருக்கு மசியாது. ஆன்டிபாடி பிடிக்கும் இடமும் மறைந்துவிடும். அறை வெப்பநிலையில் விட்டுவிடாதீர்கள். பெங்களூரின் டிசம்பர் காலையும் ஏப்ரல் மதியமும் ஒன்றல்ல. 25 டிகிரி இன்குபேட்டரே நல்லது.

சோனிகேஷன் ஐஸில்தான். துண்டுகள் 200 முதல் 500 பேஸ் ஜோடி இருக்கட்டும். நுரைத்தால் நிறுத்துங்கள், டிஎன்ஏ உடையாது. துண்டுகளின் அளவைப் பார்க்க ஜெல்லில் ஓட்டுமுன் 65 டிகிரியில் பிணைப்பை அவிழ்த்து, புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் கே போடுங்கள். இல்லாவிட்டால் துண்டுகள் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.