கருப்பனின் மருத்துவச் செலவு

குலசேகரத்தில் மழை விடாமல் பெய்த வாரத்தில், எங்கள் நாய் கருப்பன் சோற்றைத் தொடாமல் அடுப்படி வாசலிலேயே படுத்துவிட்டான். மூக்கிலிருந்து இரத்தம் கசிந்ததைப் பார்த்த பிறகுதான் இது சாதாரணக் காய்ச்சல் அல்ல என்று எனக்குப் புரிந்தது. உண்ணி கடிப்பதால் பரவும் எர்லிக்கியா என்னும் கிருமி, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடுவதால்தான் இப்படிக் கசிகிறது என்று நாகர்கோவிலில் மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

இரத்தப் பரிசோதனைகள், நான்கு நாள் குளுக்கோஸ், ஊசிகள், வாடகை வண்டி என மொத்தம் 14,600 ரூபாய் ஆயிற்று. மழையால் ரப்பர் பால்வெட்டு நின்று வீட்டில் வரவே இல்லாத நாள்கள் அவை. அம்மா தன் கம்மலைக் கழற்றி, ஒரு வார்த்தையும் பேசாமல் என் கையில் வைத்தார். ஒரு நாய்க்கா இவ்வளவு என்று கேட்ட உறவினர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வாசலில் காவல் கிடந்தவனை அப்படியே விட்டுவிட எங்களால் முடியவில்லை.

இந்த நோய்க்கு 28 நாள்கள் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையின் விலை, மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்குதான். பரிசோதனைக்கும் பயணத்துக்குமே பெரும்பணம் போயிற்று. திருநெல்வேலியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. துவண்டுபோன நாயை ஆரல்வாய்மொழி தாண்டி அங்கே கொண்டுபோக ஆகும் வண்டி வாடகையை எண்ணித்தான் தயங்கினோம். தாலுகாதோறும் இரத்தப் பரிசோதனை வசதி இருந்தால் எத்தனையோ வீடுகள் கடன்படாமல் தப்பும்.

உண்ணித் தடுப்பு மருந்தை மாதம் தவறாமல் கொடுத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. இன்று காலை கருப்பன் கஞ்சி குடித்தான். இன்னும் பதினொரு நாள் மாத்திரை மீதமிருக்கிறது.