பங்குப் பத்திரத்தின் பின்பக்கம்

பழைய பங்குப் பத்திரங்களைச் சேகரிப்பவர்களில் பலரும் முகப்பைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கொடிபோல் சுற்றிவரும் ஓர வேலைப்பாடும், அழுத்தி எடுத்த முத்திரையும், இயக்குநர்களின் கையொப்பங்களும் கண்ணைக் கவர்வது இயல்பே. ஆனால் அந்தப் பத்திரம் யார் யார் கைமாறி வந்தது என்பதைச் சொல்வது பின்பக்கம்தான். பாதுகாக்கிறோம் என்று நினைத்து நாம் செய்யும் வேலைகளில் முதலில் பாழாவதும் அதுவே.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், இங்குள்ள பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக்கணக்கு புழங்குகிறது. 1112 என்று கண்டால் அது 1936-37. அந்த 1937-இல்தான் திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் கொல்லம் நகரத்து குயிலான் வங்கியும் ஒன்றாக இணைந்தன. மறு ஆண்டே அந்த இணைந்த வங்கி மூடப்பட்டது. நடப்பிலுள்ள நிறுவனத்தின் பத்திரத்தை டீமேட்டுக்கு, அதாவது மின்னணுக் கணக்குக்கு மாற்றக் கொடுத்தால் அதை ரத்து செய்துவிடுவார்கள். முறிந்துபோன நிறுவனத்தின் பத்திரத்தைத் திரும்பக் கேட்க யாருமில்லை. அதனால்தான் வீழ்ந்தவற்றின் காகிதங்கள் ட்ரங்குப் பெட்டிகளில் தங்கிவிடுகின்றன, பழைய பொருள் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போகாதவரை.

என்னிடம் ஒரு தோட்டக் கம்பெனியின் பத்திரம் இருக்கிறது. அதன் பின்பக்கக் கட்டங்களில் பங்கு மாற்றப்பட்ட தேதி, வாங்கியவர் பெயர், அதிகாரியின் சுருக்கொப்பம் ஆகியவை வரிசையாக உள்ளன. தந்தையின் பெயரை அடுத்து மகளின் பெயர் வருமிடத்தில் மை நிறமும் கையெழுத்தும் மாறிவிடுகின்றன. ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினையே அந்த இரண்டு வரிகளுக்கிடையில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இன்று அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய பங்குப் பத்திரம், 2010-இல் நெதர்லாந்தின் ஹோர்ன் நகர ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. 1606 செப்டம்பர் 9 தேதியிட்ட அது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குரியது. 1741-இல் நம் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்ற அதே கம்பெனி. அந்தப் பத்திரத்தின் உள்பக்கங்களில் 1650 வரை வழங்கிய ஈவுத்தொகைகள், அதாவது பங்குதாரருக்கான லாபப் பங்குகள், எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை மறைத்து ஒட்டியிருந்தால் நமக்கு எஞ்சியிருப்பது முகப்பு மட்டுமே.

ஆகவே பத்திரத்தை ஆல்பத்தில் பசை வைத்து ஒட்டக் கூடாது. லேமினேஷன் அதைவிடக் கேடு. சூட்டில் உருகிக் காகிதத்தோடு ஒன்றிவிட்ட படலத்தைச் சேதமின்றிப் பிரிக்க முடியாது. கிழிசலுக்கு செலோடேப் போட்டால், சில ஆண்டுகளில் அதன் பசை காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்பு நிறக் கறையாகிவிடும். துருப்பிடித்த குண்டூசியை இழுத்து எடுக்காமல், அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகிப் பொறுமையாகத் தளர்த்த வேண்டும். வைப்பதற்குத் தெளிவான பாலியெஸ்டர் படல உறையே நல்லது, இரு பக்கமும் தெரியும். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறையில் எழுத்து ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு பருவமழையும் கடற்காற்றின் உப்பும் உள்ள ஊர் நம்முடையது. ஈரப்பதத்தோடு உறையிலிட்டால் பூசணம் நிச்சயம். ஆதலால் வெயில் படாத காற்றோட்டமான அறையில் உலரவிட்டு, மழை ஓய்ந்த நாளில் உறையிடுவதே என் வழக்கம். இராமபாணப் பூச்சிக்கு அஞ்சி வேப்பிலையைத் தாள்களுக்கிடையே வைப்பவர்கள் உண்டு. இலைச்சாறு கறை பிடிக்கும். துணி முடிப்பாகக் கட்டிப் பெட்டியின் மூலையில் வைக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நிறுவனம் வேறு பெயரிலோ வேறொன்றோடு இணைந்தோ இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை கோரப்படாத பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டிருக்கலாம். வாரிசுகள் உரிய சான்றுகளோடு விண்ணப்பித்து அவற்றை மீட்கலாம். அப்படிப்பட்ட பத்திரத்தைச் சேகரிப்பாளர் விலைபேசக் கூடாது, உரியவரிடம் திருப்பித் தர வேண்டும்.