மருந்து சாப்பிடாத எலி எத்தனை நாள் வாழ்ந்தது?

சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தால், பல பிராண்டுகளில் 'ஆன்டிஆக்ஸிடன்ட் 319' என்று ஒரு வரி இருக்கும். எண்ணெயில் சிக்கு வாடை வராமல் தடுக்கும் ரசாயனம், அவ்வளவுதான். அதைப் பார்த்து யாரும் எண்ணெய் வாங்குவதில்லை. அதே சொல்லை ஒரு மாத்திரை டப்பாவின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டால் மட்டும் இளமையே விற்பனைக்கு வந்துவிடுகிறது. இத்தனைக்கும் இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் ஆயுள் கூடுமா என்று பார்த்த ஆரம்பகாலச் சோதனைகளில் எலிகளின் தீனியில் கலக்கப்பட்ட பொருள்களில் ஒன்று பிஹெச்டி (BHT) என்ற ரசாயனம். அதுவும் எண்ணெயைக் கெடாமல் வைக்கும் சரக்குதான், பாக்கெட்டில் அதன் எண் 321.

அந்தச் சோதனைகளைச் செய்தவர் டென்ஹம் ஹார்மன். ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேதியியலாளராக இருந்துவிட்டு அப்புறம் மருத்துவம் படித்த அமெரிக்கர். 1956-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் ரொம்ப எளிமையானது: நாம் மூச்சு விடுகிற ஆக்ஸிஜனைச் செல்கள் எரிக்கும்போது ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும் மூலக்கூறுகள் துணை விளைவாக வருகின்றன, ஜோடி சேராத எலக்ட்ரானோடு திரியும் இவை பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என்று எதையாவது கெடுக்கின்றன, அந்தச் சேதம் சேர்ந்து சேர்ந்துதான் முதுமை. அப்படியானால் அவற்றை அடக்கும் பொருளை, அதாவது ஆன்டிஆக்ஸிடன்டைத் தீனியில் கலந்தால் எலி அதிக நாள் வாழ வேண்டும். கலந்தார். சில எலி வகைகளில் சராசரி ஆயுள் நன்றாகவே கூடியது. ஆனால் கூட்டத்திலேயே அதிக நாள் வாழும் எலியின் வயது, அதாவது உச்ச ஆயுள், பெரிதாக நகரவில்லை. எளிதில் சாகிற எலிகள் கொஞ்சம் தள்ளிச் செத்தன என்று இதை வாசிக்கலாம். முதுமையே தள்ளிப்போனது என்று சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு, எனக்கு இது ரொம்பப் பிடித்த சிக்கல். ரசாயனம் கலந்த தீனி எலிக்கு ருசிக்காவிட்டால் என்ன ஆகும்? குறைவாகச் சாப்பிடும். குறைவாகச் சாப்பிடும் எலி அதிக நாள் வாழும் என்பது 1935-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே காட்டிய விஷயம். ஆகவே ஆயுளைக் கூட்டியது மருந்தா, அரை வயிறா? ஹார்மனின் சோதனைகள் சிலவற்றில் மருந்து சாப்பிட்ட எலிகளின் எடை குறைவாகத்தான் இருந்தது. அதனால்தான் இப்படி ஒரு ஆய்வைப் பார்த்தால் நான் முதலில் எடை அட்டவணையைத் தேடுவேன்.

இரண்டாவதாகத் தேடுவது, மருந்து சாப்பிடாத எலிகள் எத்தனை நாள் வாழ்ந்தன என்பதை. நான் பார்த்தவரை இதைத்தான் யாரும் கேட்பதில்லை. நல்ல பராமரிப்பில் இருக்கும் ஆய்வக எலி சாதாரணமாக இரண்டேகால், இரண்டரை வருடம் போகும். கூண்டு சரியில்லை, தொற்று பரவுகிறது, அல்லது அந்த எலி வகையே பலவீனமானது என்றால் ஒன்றரை வருடத்திலேயே செத்துக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்துக்கு எதைக் கொடுத்தாலும் '30 சதவீதம் ஆயுள் கூடியது' என்று எழுதிவிடலாம். மருந்து தின்ற எலி கடைசியில் ஒரு சாதாரண எலியின் வயதைக்கூடத் தாண்டியிருக்காது. துறைக்குள்ளேயே இப்போது '900 நாள் விதி' என்று பேசுகிறார்கள்: ஒப்பீட்டுக்கு வைத்த எலிகள் சுமார் 900 நாள் வாழவில்லை என்றால் முடிவைச் சந்தேகத்தோடு பார்.

இதற்கு ஆகச் சிறந்த உதாரணம் பழ ஈ. வில்லியம் ஆர், ராஜிந்தர் சோஹல் என்ற இரண்டு பேர் 1994-இல் ஈக்களுக்குக் கூடுதல் மரபணுக்களைச் செருகி, உடலே தயாரிக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம்கள் இரண்டை அதிகமாகச் சுரக்க வைத்தார்கள். ஆயுள் மூன்றில் ஒரு பங்குவரை கூடியது. பெரிய பரபரப்பு. சுமார் பத்து வருடம் கழித்து அதே இருவரும், நீண்ட நாள் வாழும் ஈ வகைகளில் செய்து பார்த்தால் பலன் இல்லை, பலன் தெரிந்ததெல்லாம் குறைந்த ஆயுள் வகைகளில்தான் என்று எழுதினார்கள். தன் பெயரை உலகுக்குச் சொன்ன முடிவைத் தானே கீழே இறக்கி வைப்பது சாதாரண விஷயமில்லை. முதல் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டாவதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பது வேறு.

அப்புறம் புழு. சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழு, மொத்த ஆயுளே இரண்டு மூன்று வாரம். அகார் தட்டில் பாக்டீரியாவைத் தின்று வளரும். தினமும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, மெல்லிய பிளாட்டினம் கம்பியால் ஒவ்வொரு புழுவையும் லேசாகத் தொட வேண்டும். அசைந்தால் உயிரோடு இருக்கிறது, தொட்டும் அசையாவிட்டால் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். முட்டை போடும் நாட்களில் பெரிய புழுக்களைப் புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்காவிட்டால் தாய் எது, பிள்ளை எது என்று தெரியாமல் போய்விடும். இப்படிப்பட்ட புழுக்களில் 2000-இல் ஒரு செயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட் சராசரி ஆயுளை 44 சதவீதம் கூட்டியதாக வந்தது. 2003-இல் லண்டனில் டேவிட் ஜெம்ஸின் குழு அதைத் திரும்பச் செய்தபோது ஒன்றும் கூடவில்லை.

மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சீக்ஃப்ரிட் ஹெகிமி செய்தது இன்னும் தடாலடி. ஃப்ரீ ரேடிக்கலை அடக்கும் எஸ்ஓடி என்சைமுக்குப் புழுவில் ஐந்து மரபணுக்கள் உண்டு. ஐந்தையும் நீக்கினார்கள். ஹார்மன் சொன்னது அப்படியே சரி என்றால் புழு சீக்கிரம் கிழடுதட்டிச் சாக வேண்டும், ஆனால் சாதாரணப் புழு அளவுக்கு வாழ்ந்தது. ஐந்தில், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியில் வேலை செய்யும் ஒன்றை மட்டும் நீக்கினால் ஆயுள் கூடவே செய்தது. கூடுதலாக ஃப்ரீ ரேடிக்கலை உண்டாக்கும் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மிகச் சிறிய அளவில் கொடுத்தபோதும் கூடியது. அதோடு ஆன்டிஆக்ஸிடன்டையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பலன் போய்விட்டது. லேசான சேதம் உடலின் பழுதுபார்க்கும் ஏற்பாட்டைத் தட்டி எழுப்புகிறது, ஆன்டிஆக்ஸிடன்ட் அந்தச் சேதியையே அழித்துவிடுகிறது என்பதுதான் இன்று பலரும் சொல்லும் விளக்கம். எனக்கும் இதுதான் பொருந்தி வருகிறது.

எலியிலும் இதே கதைதான். டெக்ஸாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் ஒரு குழு ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம்களின் மரபணுக்களைக் கூட்டியும் குறைத்தும் 18 வகை எலிகளைப் பார்த்தது. ஒரே ஒரு வகையில்தான் ஆயுள் மாறியது, அதுவும் குறைந்தது. ஹார்மனின் இந்தக் கோட்பாடு செத்துவிட்டதா என்று தலைப்பிலேயே கேட்டு 2009-இல் எழுதினார்கள். ஸ்காட்லாந்தில் குட்டைவால் வயல் எலிகளுக்கு வாழ்நாள் முழுக்க வைட்டமின் சி, ஈ கொடுத்துப் பார்த்ததில் ஆயுள் குறைந்தது, குளிரில் வளர்ந்து சி சாப்பிட்டவற்றில் 26 சதவீதம்வரை. விதிவிலக்கும் இருக்கிறது, மறைக்கக்கூடாது: சியாட்டிலில் கேட்டலேஸ் என்சைமை நேராக மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே சுரக்க வைத்த எலிகள் சுமார் 20 சதவீதம் அதிகம் வாழ்ந்தன. அது மரபணு வேலை. மாத்திரையில் கிடைப்பதல்ல.

இப்படி ஆளுக்கொரு முடிவு வருவதைத் தவிர்க்கத்தான் அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் ஒரே சோதனையை ஒரே நேரத்தில் மூன்று மாநிலங்களில் செய்கிறது, மெய்ன், மிச்சிகன், டெக்ஸாஸ் என்று. எலிகளும் கலப்பு மரபு கொண்டவை, ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. அங்கே சிவப்பு ஒயினில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் தோற்றது. கிரீன் டீ சாறு தோற்றது. நம் மஞ்சளில் இருக்கும் குர்குமின், 2013-இல் வெளியான முடிவில், ஆயுளை ஒரு பொருட்டாகக் கூட்டவில்லை (வாட்ஸ்அப்பில் இது மட்டும் வரவே வராது). மஞ்சள் சாம்பாருக்கு வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. என்டிஜிஏ என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் ஆண் எலிகளில் மட்டும் பலன் தந்தது, பெண் எலிகளில் இல்லை.

மூன்று இடத்திலும் ஆண், பெண் இரண்டிலும் ஆயுளைக் கூட்டியது ரேபமைசின். 600 நாள் வயதான, அதாவது கிட்டத்தட்டக் கிழட்டு எலிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தும் வேலை செய்தது. ஆனால் அது ஆன்டிஆக்ஸிடன்ட் இல்லை. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு நோய் எதிர்ப்பை அடக்கக் கொடுக்கும் மருந்து, தயவுசெய்து மருந்துக்கடையில் போய்க் கேட்டுவிடாதீர்கள்.